கழட்டியது நானேதான்

போன மார்கழியில் நான் ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவு எடுக்கிற வேலையை என் மனைவி மெஹருன்னிசா பார்த்துக்கொள்கிறாள். நான் தண்ணீர் எடுப்பேன், கொடியில் காய்கிற துணியை எடுப்பேன், ஜலதோஷம் வந்தால் ஓய்வு எடுப்பேன். முடிவு எடுத்தது அதுவே முதல் தடவை. முடிவு இதுதான்: என்ன ஆனாலும் சரி, இரும்பு கடைகிற என் லேத்து முன் ரூமை விட்டு ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது.

அந்த முடிவுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ரங்கனிடம் சொல்லிவிடாதீர்கள். அவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

என் பெயர் மக்பூல். பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் போகிற ரோட்டில் வீடு. வீட்டின் முன் ரூம்தான் பட்டறை. ஃபைபர் படகில் ஷாஃப்ட் வளைந்தாலும் புஷ் தேய்ந்தாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். லேத்து மக்பூல் என்றால் ஆரம்பாக்கம் வரைக்கும் தெரியும். வெறும் மக்பூல் என்றால் என் மாமியாருக்கே கொஞ்சம் யோசனை வரும்.

இந்த லேத்தை என் வாப்பா சென்னையில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வாங்கி வந்தார். ஊர் உலகத்தில் வீட்டைக் கட்டிவிட்டு மெஷினை உள்ளே வைப்பார்கள். வாப்பா மெஷினை வைத்துவிட்டு அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார். சுவர் எழுப்பி முடித்த பிறகு மனிதர்கள் போய்வர ஒரு கதவு வைத்தார், கொல்லைப்பக்கம் ஒரு கதவு வைத்தார். லேத்து போய்வர எதுவும் வைக்கவில்லை. இரண்டு வாசற்படியிலும் அது நுழையாது.

அந்த ரூம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அங்கே உட்கார்ந்தால் ரோடு தெரியும். யார் படகில் எவ்வளவு மீன், யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் தானாக வந்து காதில் விழும். எதிர்க் கடையிலிருந்து டீ வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மோட்டாரைப் போட்டுவிட்டால் மெஹருன்னிசா கூப்பிடுவது கேட்காது. இரும்பைக் கடைவதெல்லாம் அந்த லேத்துக்கு உபதொழில்தான்.

வினை பூநாரை உருவத்தில் வந்தது. மழை விட்டதும் ஏரிக்குப் பூநாரைகள் வரும். அவற்றைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார்கள் வரும். காரில் வருகிறவர்களுக்குப் பசி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த ஒரு குடும்பம், அடுப்படியிலிருந்து வந்த நண்டுக் குழம்பு வாசனையில் அப்படியே நின்றுவிட்டது. மெஹருன்னிசா உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்கும்போதுகூட நான் கண்டதில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாங்க.”

“இன்னா?”

“முன் ரூமு எனக்கு வேணும்.”

“இன்னாத்துக்கு?”

“மெஸ்ஸு வெக்கப் போறேன். சனி, ஞாயிறு மட்டும். நண்டுக் குழம்பு, மடவ மீன் வறுவல், இறா தொக்கு. நண்டும் இறாலும் அம்மணி குடுக்கறேனு சொல்லிட்டா.”

“அப்போ லேத்து?”

“பின்னாடி கொட்டாய்க்குப் போவட்டும்.”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“மெஹரு, அது இன்னா ஆட்டுக்குட்டியா, கயித்தப் புடிச்சி இட்டுனு போவ? முழு லேத்து. வாசப்படில பூராது. வேணும்னா சுவத்த இடி. எங்க வாப்பா கட்டுன சுவரு. எங்க, இடி பாப்போம்!”

வாப்பாவை இழுத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. அவருடைய மருமகளுக்கு அவர்மேல் தனி மரியாதை. அவள் புதுப்பெண்ணாக வந்து முதன்முதலில் வைத்த தீய்ந்துபோன கறியை “மணமா இருக்குதும்மா” என்று சொல்லித் தின்ற ஒரே ஆத்மா அவர். நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறேன்.

மெஹருன்னிசா லேத்தைப் பார்த்தாள். வாசற்படியைப் பார்த்தாள். மறுபடியும் லேத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. சத்தமில்லாமல் போனால்தான் பயம்.

மறுநாள் ரங்கன் வந்தான். ரங்கன் என் சிநேகிதன், படகுக்காரன். நண்டும் இறாலும் தருகிறேன் என்றாளே அம்மணி, அவளுடைய வீட்டுக்காரன். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால் டீ குடிக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

“இன்னா பாய், மூஞ்சி தொங்கிக் கீது?”

விஷயத்தைச் சொன்னேன்.

“கொத்தனார இட்டாந்து சுவத்த இடிச்சிட்டாங்கன்னா இன்னா பண்ணுவ?” என்றான் ரங்கன்.

அதுதான் என் பயமும். இரவெல்லாம் யோசித்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

“ரங்கா, லேத்த சர்வீஸுக்குக் கழட்டிடப் போறேன். மொத்தமா. நட்டு வேற, போல்ட்டு வேற. ரூமு பூரா பரப்பி வெச்சிருவேன். கால் வெக்க எடம் இருக்காது. அப்புறம் எங்க வெப்பா மெஸ்ஸு?”

“எம்மா நாளிக்கு?”

“துருவத் தொடைக்கணும், பேரிங் மாத்தணும், கிரீஸ் வெக்கணும். இழுத்தா பங்குனி வரைக்கும் இழுக்கலாம். பங்குனில பூநாரை பறந்துடும். காரு நின்னுடும். மெஸ்ஸும் மறந்துடும்.”

“பாய்! இன்னா மூள பாய் உனக்கு!” என்று ரங்கன் என் தோளைத் தட்டினான். அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்து வருஷக்கணக்காகிறது. பூரித்துப்போய் அவனுக்கு இன்னொரு டீயும் ஒரு பன்னும் சொன்னேன். “யார்கிட்டயும் சொல்லாத” என்று கேட்டுக்கொண்டேன். “நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனான்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அறிவித்தேன்.

“மெஹரு, லேத்த சர்வீஸ் பண்ணப் போறேன். பூராவும் கழட்டப் போறேன்.”

சத்தத்தை எதிர்பார்த்துத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

“நீங்க? கழட்டப் போறீங்க?”

“ஏன், நான் கழட்டக் கூடாதா?”

“இந்த ஊட்டுக்கு நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், பெருசா இன்னாத்தக் கழட்டிட்டீங்க? சட்டப் பட்டன் மாட்டிக்கினா அதக் கழட்டவே என்னத்தான் கூப்பிடுவீங்க.”

“இன்னாத்தக் கழட்டின” என்றால் எங்கள் பக்கத்தில் ‘பெரிதாக என்ன சாதித்துவிட்டாய்’ என்று பொருள். மற்றவர்களை அப்படிக் கேட்டால் கோபம் வரும். லேத்துக்காரனைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

“ஒரு நட்டு பாக்கி வெக்காம கழட்டிக் காட்டல, எம் பேரு மக்பூல் இல்ல!”

“பாக்கலாம்” என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாளே ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். உண்மையில் அந்த லேத்துக்கும் சர்வீஸ் தேவைப்பட்டது. ஏரியின் உப்புக்காற்று மனிதர்களையே துருப்பிடிக்க வைக்கும், இரும்பு எம்மாத்திரம்? கைப்பிடியைச் சுற்றினால் பாதிச் சுற்று சும்மா சுற்றும், அதற்குப் பிறகுதான் மெஷினுக்கு நினைவு வந்து நகரும். ரங்கன் வாங்கித் தந்த டீசலை ஒரு தொட்டியில் ஊற்றினேன். பழைய துணி வேண்டுமென்று குரல் கொடுத்தேன். மெஹருன்னிசா தன் பழைய புடவைகளைக் கொண்டுவந்து பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவள் என் பட்டறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

“இது இன்னாங்க, உருண்டையா, மூணு பல்லு வெச்சினு?”

“அது சக்கு. கடையற இரும்ப அதுதான் கவ்விப் புடிக்கும்.”

“சக்கா? மீதி களத்தி எங்க?”

லேத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் சக்களத்தி. இத்தனை வருஷம் முழுப்பெயரைச் சொன்னவளுக்கு, பாதிப் பெயர் ஏற்கெனவே மெஷினிலேயே இருப்பது அன்றுதான் தெரிந்தது. அதற்கே ரொம்ப நேரம் சிரித்தாள்.

“அந்தக் கோடில நிக்கிறது?”

“டெட் சென்டர்.”

“அப்படின்னா?”

“அது சுத்தாது. சும்மா முட்டுக் குடுத்துனு நிக்கும். எதிர்ல இருக்கறதுதான் சுத்தும்.”

“வூட்டுக்காரருனு தமிழ்ல சொல்லிட்டுப் போங்களேன்.”

நான் பேச்சை மாற்றினேன். சக்கைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினேன்.

“இங்க பாரு. எவ்ளோ ஆட்டம் இருக்குது பாத்தியா?”

“பாத்துனுதான் இருக்கேன். ரொம்ப நாளா.”

“பேரிங் மாத்திட்டா ஆட்டம் அடங்கிடும்.”

“அடங்கட்டும், அடங்கட்டும்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் ஸ்பிண்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கழட்டக் கழட்ட அவள் அக்கறை அதிகமாகிக்கொண்டே போனது. கேட்காமலே டீ வந்தது, டீயோடு சமோசா வந்தது. கழட்டிய சாமான்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கவலைப்பட்டாள். புடவைகளை நாடா நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வொரு போல்ட்டிலும் கட்டினாள். தலைப்பக்கத்துச் சாமானுக்குச் சிவப்பு. வால்பக்கத்துக்குப் பச்சை. நடுவில் ஓடுகிற சேடிலுக்கு மஞ்சள். காலுக்கு நீலம். எது முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்பதற்கு ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டாள்.

“எதுக்கு மெஹரு உனக்கு இந்தச் செரமம்?”

“நாளைக்குத் திரும்ப மாட்றப்போ நீங்க கஷ்டப்படக் கூடாதுல்ல?”

இந்த நல்ல மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. அந்த உறுத்தலோடு நாலு சமோசா தின்றேன்.

மேலே இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. பெட் மட்டும் பாக்கி. பெட் என்றால் லேத்தின் முதுகெலும்பு, நாலரை அடி வார்ப்பிரும்பு. இரண்டு கால்களின்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். சர்வீஸுக்கு அதைக் கழட்டத் தேவையே இல்லை. நான் அதைத் துடைத்துவிட்டு விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன்.

“இன்னாங்க, ரங்கண்ணன் இன்னாமோ சொல்றாரே” என்றாள்.

“இன்னா சொல்றான்?”

“மேல இருக்கறத எவன் வேணா கழட்டலாமாம். கால்லேர்ந்து பெட்டக் கழட்டத்தான் தில்லு வேணுமாம். அது பாயால ஆவாதுனு...”

“யாரு, ரங்கனா? பனியனக் கழட்டினா திருப்பிப் போடத் தெரியாது அவனுக்கு. அவன் என்னச் சொல்றானா?”

“எனக்கு இன்னாங்க தெரியும். சொன்னாரு, நான் சொல்றேன். வேணாம், வுட்டுருங்க. இடுப்பு புடிச்சிக்கப் போவுது.”

வேண்டாம் என்றதும் நான் விடுவேனா? துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்பேனரின் பின்னால் பைப்பைச் செருகித் தொங்கினேன். உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டிப் பெட்டைத் தூக்கினேன். கீழே இறக்கப் போகும்போது மெஹருன்னிசா ஓடிவந்தாள்.

“அய்யோ, தரைல வெக்காதீங்க, ஈரம் புடிச்சிக்கும். இருங்க, கட்ட இருக்குது.”

இரண்டு உருளைக் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டாள். கரையில் படகை ஏற்றும்போது அடியில் கொடுத்து உருட்டுவார்களே, அந்தக் கட்டை. ரங்கனுடையது. பெட் அதன்மேல் சுகமாக உட்கார்ந்தது. தள்ளாமலே லேசாக உருண்டது. நான் ஓர் ஆப்பு வைத்து நிறுத்தினேன். என் மனைவியின் முன்யோசனையை வாய்விட்டுப் பாராட்டவும் செய்தேன்.

பிறகு கால்களையும் தரையிலிருந்து கழட்டினேன். விட்டுவைத்தால் ரங்கன் அதையும் ஒரு குறை சொல்வான். கால் ஓட்டைகளுக்கு நடுவே மெஹருன்னிசா வலைக்கயிற்றைப் பிடித்து அளந்து முடிச்சுப் போட்டாள். சாக்கு விரிக்க அளவு எடுப்பதாகச் சொன்னாள். அன்றே கொல்லையில் அவளும் அம்மணியும் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா அம்மணி, சிமெண்ட்டு?”

“ஆட்டுக்கல்லு பதிக்கறோம் பாய்” என்றாள் அம்மணி.

“கெட்டியா பதிங்க. ஆடக் கூடாது.”

“ஆடாது பாய். இனிமே ஆடாது.”

மெஸ் எங்கே என்று இடம் தெரியவில்லை, அதற்குள் ஆட்டுக்கல் பதிக்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பாவம், பெண்கள். ஆசை யாரை விட்டது?

எல்லாம் முடிந்து ரூமைப் பார்த்தேன். தார்ப்பாய் விரித்து, வரிசை வரிசையாக என் லேத்து. கியர்கள் ஒரு பக்கம், ஸ்க்ரூக்கள் ஒரு பக்கம், சுவர் ஓரமாகக் கால்கள். ஒரு நட்டு பாக்கி இல்லை. பூனை நடக்கவும் இடம் இல்லை. வாழ்நாளில் முதல் முறையாக மெஹருன்னிசாவை ஜெயித்துவிட்டேன். இதைக் கொண்டாட வேண்டுமே என்று நான் நினைக்கும்போதே அவள் வந்து நின்றாள்.

“இன்னாங்க, தேஞ்ச பேரிங்கையா திரும்ப மாட்டப் போறீங்க? நாளைக்குப் பொன்னேரி போய் புதுசு வாங்கியாங்களேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழம.”

“கட தொறந்துதான் இருக்குமாம். மத்தியானம் வரைக்கும்.”

இஸ்திரி போட்ட சட்டை தயாராக இருந்தது. வழிச்செலவுக்கு மேலே பிரியாணிக்கும் கையில் கொடுத்தாள். எனக்கு அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருப்பாலைவனம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டே போனேன். பொன்னேரியில் பேரிங் வாங்கினேன், பிரியாணி தின்றேன், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கும்மிடிப்பூண்டி வண்டிகளை வேடிக்கை பார்த்தேன். பங்குனி வரைக்கும் இழுக்க வேண்டியவனுக்கு என்ன அவசரம்?

ஊர் திரும்பியபோது பஸ் நிறுத்தத்திலேயே நண்டுக் குழம்பு வாசனை அடித்தது. தெருமுனையில் பலமாக அடித்தது. என் வீட்டு வாசலில் மூன்று கார்கள் நின்றன. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்பு.

உள்ளே நுழைந்தேன். லேத்து இல்லை. தார்ப்பாய் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தரை கண்ணாடி மாதிரி மின்னியது. பெஞ்சு, மேஜை, வாழையிலை. கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, இங்க கொஞ்சம் ரசம்.”

நான் அடுப்படிக்குப் பாய்ந்தேன்.

“மெஹரு! யாரக் கேட்டு எடுத்த?”

“மெல்லப் பேசுங்க, சாப்பிடறாங்க.”

“வாசப்படில பூராதே!”

“முழுசா பூராதுனுதான சொன்னீங்க? அதான் முழுசா எடுக்கல. நீங்க கழட்டிக் குடுத்த மாதிரியே ஒண்ணொண்ணா எடுத்தோம்.”

“பெட்டு? அது எவ்ளோ வெயிட்டு தெரியுமா?”

“கட்ட மேல தான வெச்சீங்க? ஆப்ப எடுத்ததும் அதுவா உருண்டிச்சி. அம்மணி கூட்டம் ஆறு பேரு கயிறு போட்டு இழுத்தாங்க. மாமா கட்டுன சுவத்துல ஒரு சுண்ணாம்புகூட உதிரல. போய்ப் பாருங்க.”

சுவரைப் பார்த்தேன். உதிரவில்லை.

கொட்டாய்க்கு ஓடினேன். நடுவில் புதுச் சிமெண்ட் மேடை. மேடையிலிருந்து நாலு போல்ட் நிமிர்ந்து நின்றன. லேத்தின் கால்கள் அதில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஆட்டுக்கல் என்று எதுவும் இல்லை. பக்கத்தில் அம்மணியும் அவளோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். இறால் போட்டுக்கொள்ளக் கழுத்தில் தொங்கவிடுகிற ஓலைப் பறிகள் வரிசையாக இருந்தன. பறி நிறைய என் நட்டு, என் போல்ட்டு.

“வாங்க பாய்” என்றாள் அம்மணி பெருமையாக. “எல்லாம் தரம் பிரிச்சி வெச்சிட்டோம். இது பெருசு. இது நடுத்தரம். இது பொடிசு.”

“இன்னாது! எது எங்கேர்ந்து வந்ததுனு பாக்காம, சைஸ் பாத்துப் பிரிச்சிட்டீங்களா?”

“பின்ன? எங்கேர்ந்து வந்திச்சினு எறாலயா கேப்பாங்க? சைஸ்தான பாய் பாப்பாங்க?”

என் நெஞ்சில் பாலை வார்த்தாள் புண்ணியவதி. கியர் பெட்டி போல்ட்டும் கால் போல்ட்டும் ஒரே பறியில்! இதை எந்த மேஸ்திரி வந்தாலும் பிரித்து மாட்ட முடியாது. மெஷின் ஓடாது. ஓடாவிட்டால் வருமானம் இல்லை. மெஹருன்னிசா தானாக வழிக்கு வருவாள். நான் மறுபடியும் ஜெயிக்கப் போகிறேன் என்று சந்தோஷத்தோடு ஒரு பறியைக் கையில் எடுத்தேன்.

சிவப்பு நாடா, பச்சை நாடா, மஞ்சள் நாடா. ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. எல்லாம் பத்திரமாக இருந்தன. பறியைக் கீழே வைத்தேன்.

அடுப்படிக்குத் திரும்பி வந்து கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“நல்லா கேட்டுக்கோ. நான் மாட்ட மாட்டேன்!”

“நீங்க புதுசா மாட்ட வேணாங்க. மாட்டி ரொம்ப நாளாச்சு” என்றாள். “அந்த ரசவாளியத் தூக்குங்க. பைனாகுலர் வெச்சிருக்கறவரு ரெண்டு தடவ கேட்டுட்டாரு.”

கடைசிக் கார் போகும் வரைக்கும் ரசம் ஊற்றினேன். என் ரூமில், என் லேத்து நின்ற அதே இடத்தில், கையில் வாளியோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ரசத்தின் காரம் என்று சமாளித்தேன். “மாஸ்டர், நீங்க இங்க எவ்ளோ வருஷமா வேல செய்றீங்க?” என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி அன்பாகக் கேட்டாள். “கல்யாணம் ஆனதுலேர்ந்து” என்றேன்.

சாயங்காலம் ரங்கனைப் பிடித்தேன். படகுத்துறையில் என்னைக் கண்டதும் வலைக்குப் பின்னால் ஒளிந்தான்.

“ஏண்டா, யார்கிட்டயும் சொல்லாதனு சொன்னேன்ல?”

“பாய், சத்தியமா யார்கிட்டயும் சொல்லல. எம் பொஞ்சாதிகிட்டதான் சொன்னேன்.”

“பெட்ட என்னால கழட்ட முடியாதுனு சொன்னியே, அது?”

“பெட்டா? கட்டில் மேல போடுவாங்களே, அதுவா?”

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்படி ஒரு வார்த்தையை அவன் சொல்லவே இல்லை.

அடுத்த வாரமே கொட்டாயில் உட்கார்ந்து லேத்தை மாட்ட ஆரம்பித்தேன். தியாகம் ஒன்றும் இல்லை. மாட்டாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வாளி என்று தெரிந்துவிட்டது. நாடாவைப் பார்த்து, முடிச்சைப் பார்த்து மாட்டினேன். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு மெஷினை நான் மாட்டியதே இல்லை. புதுப் பேரிங் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் பூனை தூங்குகிற மாதிரி சத்தம். ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. எனக்கும்தான்.

ஊரில் கேட்டவர்களிடம் வேறு மாதிரி சொன்னேன். “முன்னாடி ரூமு புழுக்கம். நான்தான் பின்னாடி மாத்திக்கினேன். நல்ல காத்தோட்டம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். ரங்கன் மட்டும் வேகமாகத் தலையாட்டினான்.

மெஸ் நன்றாக ஓடுகிறது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். மெஹருன்னிசா சிரித்த முகமாக இருக்கிறாள். எனக்கும் கொட்டாய்க்கு ஒரு தட்டு வறுவல் தவறாமல் வருகிறது. நான் கோபத்தோடுதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் மிச்சம் வைப்பதில்லை. பூநாரை இன்னும் பறக்கவில்லை. இந்த வருஷம் கொஞ்சம் தங்கிவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் டீயோடு சமோசாவும் கொண்டுவந்தாள். சமோசாவைப் பார்த்ததுமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“இன்னாங்க, குடும்பமா வர்றவங்க தனியா உக்கார ரூமு கேக்கறாங்க.”

“கேக்கட்டும்.”

“உங்க ரூமு காலியா இருந்தா நல்லா இருக்கும்.”

“அதுல வாப்பாவோட தேக்குக் கட்டில் இருக்குது. வாசப்படில பூராது” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அதத்தான் நானும் நெனச்சேன். வுட்டுருங்க” என்றாள் மெஹருன்னிசா. வாசல் வரை போய்த் திரும்பினாள். “அதுவுமில்லாம, ரங்கண்ணன் சொல்றாரு, அந்தக் கட்டில்ல மரையெல்லாம் இறுகிப் போச்சாம். அதக் கழட்ட பாயால முடியவே முடியாதுனு...”

எனக்கு எல்லாம் தெரியும். ரங்கன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அவன் எங்கள் கட்டிலைப் பார்த்ததுகூட இல்லை. இது அதே வலை, மீன் போய் விழுகிற அதே மடி. நான் அசையப் போவதில்லை என்று முடிவு எடுத்தேன். வாழ்நாளில் இரண்டாவது முடிவு.

“யாரு,” என்றேன், “ரங்கனா?”

கட்டில் இப்போது கொட்டாயில் இருக்கிறது, லேத்துக்குப் பக்கத்தில். நல்ல காற்றோட்டம்.